பார்வை எனும் பிரசாதம்

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் சாலையில், சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில் கோயில் கொண்டிருக்கிறாள் புன்னைநல்லூர் மாரியம்மன். ஒரு காலத்தில் புன்னை மரங்கள் அடர்ந்த காடாக இருந்த இடம் அது. மராட்டிய மன்னர் வெங்கோஜியின் கனவில் அம்பிகை தோன்றி, தலைநகருக்குக் கிழக்கே புன்னை வனத்தில் தான் புற்று உருவில் இருப்பதை உணர்த்தினாள் என்பது ஐதீகம். அந்தப் புற்று மண்ணைக் கொண்டே சதாசிவ பிரம்மேந்திரர் அம்பாளின் திருவுருவை அமைத்தார் என்று தலவரலாறு கூறுகிறது.

மண்ணால் ஆன திருமேனி என்பதால் மூலவருக்கு நீராலும் பாலாலும் அபிஷேகம் செய்வதில்லை. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு மண்டல காலம், அதாவது 48 நாட்கள் தைலக்காப்பு நடைபெறுகிறது. சாம்பிராணித் தைலமும் புனுகும் ஜவ்வாதுமாக நறுமணப் பொருள்கள் அம்பாளின் மேனியில் சாத்தப்படுகின்றன. அந்த நாட்களில் பக்தர்கள் வழிபடுவது எதை? வெண்திரை ஒன்றில் அம்பாளின் உருவத்தை ஓவியமாக எழுதி, அதில் அவளை ஆவாகனம் செய்கிறார்கள். அர்ச்சனையும் ஆராதனையும் அந்த ஓவியத்துக்கே நடைபெறுகின்றன.

உள்ளே தைலம், வெளியே ஓவியம். மருந்தும் சித்திரமும் இவ்வாறு ஒரே சந்நிதியில் சேர்ந்து நிற்கும் காட்சி மற்ற தலங்களில் அரிது. தஞ்சை மண்ணில் இந்த இரண்டும் சேர்ந்தது கோயிலில் மட்டுமல்ல. அம்பாளுக்குத் திருப்பணி செய்த ஒரு மன்னரின் அரண்மனையிலும் சேர்ந்தன.

கண் பெற்ற இளவரசி

புன்னைநல்லூரின் பெருமையைச் சொல்லும்போது தவறாமல் நினைவுகூரப்படும் வரலாறு ஒன்று உண்டு. வெங்கோஜியின் மரபில் வந்த துளஜா மன்னரின் மகள் நோய்வாய்ப்பட்டுக் கண்ணொளி இழந்தாள். அம்பிகை மன்னரின் கனவில் தோன்றி, தன் சந்நிதிக்கு வருமாறு பணித்தாள். மகளை அழைத்து வந்து வழிபட்ட மன்னரின் கண்ணெதிரே அவளுக்குப் பார்வை திரும்பியது. மனம் உருகிய மன்னர் அம்பாளுக்குக் கோயில் எழுப்பினார்.

அதே அரச மரபில் பின்னால் வந்தவர் இரண்டாம் சரபோஜி. 1777-ஆம் ஆண்டு பிறந்தவர். 1798-ஆம் ஆண்டு அரியணை ஏறி, 1832-ஆம் ஆண்டு மறையும் வரை மன்னராக இருந்தவர். புன்னைநல்லூர் கோயிலுக்கு மகாமண்டபம் உள்ளிட்ட திருப்பணிகளைச் செய்த அன்பர். பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலில் தம் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை மராட்டி மொழியில் மிக நீண்ட கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தவரும் அவரே. அது வெட்டப்பட்ட ஆண்டு 1803.

பட்டம் சூடிய மறு ஆண்டே அவருக்குப் பெரும் சோதனை வந்தது. 1799-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி நாட்டை ஆளும் பொறுப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. கோட்டையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியுமே மன்னரிடம் எஞ்சின. முடி இருந்தது; நாடு இல்லை. அப்படிப்பட்ட நிலையில் மனம் கசந்து, கேளிக்கையில் காலத்தைக் கரைத்த அரசர்கள் உண்டு. சரபோஜி வேறு வழியை எடுத்துக்கொண்டார். நாட்டின் எல்லையைப் பெருக்க இயலாதவர் நூலகத்தின் எல்லையைப் பெருக்கினார். நாயக்க மன்னர்கள் காலத்திலேயே அரண்மனையில் தொடங்கிய சுவடித் தொகுப்பு, அவர் காலத்தில் சரஸ்வதி மகாலாக வளர்ந்தோங்கியது. வாங்கிய நூல்களில் தம் கையொப்பத்தை இட்டு, படித்துப் பாதுகாத்தார். 1820-ஆம் ஆண்டு பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை புறப்பட்டபோதும் புண்ணிய தீர்த்தங்களில் நீராடியதோடு நில்லாமல், வழியெங்கும் சுவடிகளைத் திரட்டினார்; கங்கைக்கரையின் படித்துறைகளை ஓவியமாக எழுதச் செய்தார்.

ஏழையின் துயரையும் அவர் மறக்கவில்லை. ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்கு அன்னம் மட்டுமா கிடைத்தது? நோயுற்றவருக்கு மருந்தும் கிடைத்தது. அந்த அறத்தின் இன்னொரு வடிவமாக அரண்மனையில் உருவானதே தன்வந்திரி மகால்.

தன்வந்திரி மகால்

பாற்கடலில் அமுத கலசத்தோடு தோன்றிய பெருமாளின் பெயரைத் தாங்கிய அந்த மருத்துவச் சாலையில், சித்த மருத்துவர்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் யுனானி ஹக்கீம்களும் ஐரோப்பிய மருத்துவம் அறிந்தவர்களும் பணிபுரிந்தனர். எந்த மருந்து எந்த நோய்க்குப் பயன் தந்தது என்பதைச் சோதித்துப் பார்த்து, பயன் கண்டவற்றைத் தொகுத்தனர். அவ்வாறு தேர்ந்த முறைகளைப் புலவர்கள் தமிழ்ப் பாடல்களாக்கினர். மன்னரின் பெயரால் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று வழங்கும் அந்தத் தொகுப்பைப் பிற்காலத்தில் சரஸ்வதி மகால் நூலகம் பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிட்டது. அவற்றுள் கண்ணோய்க்கெனத் தனி நூலே உண்டு.

இத்தனை மருத்துவர்களும் ஒரே இடத்தில் கூடியபோது ஒரு சிக்கல் எழாமல் இருந்திருக்காது. செடி ஒன்று, அதன் பெயரோ பல. தமிழ் வைத்தியர் ‘கரிசலாங்கண்ணி’ என்பார். இன்னொரு ஊரார் அதையே ‘கையாந்தகரை’ என்பார். வடமொழி கற்ற வைத்தியர் ‘பிருங்கராஜம்’ என்பார்; மராட்டியர் ‘மாக்கா’ என்பார். ‘சீந்தில்’ என்பதும் ‘அமிர்தவல்லி’ என்பதும் ஒரே கொடிதான் என்பதைப் பெயரை மட்டும் கேட்டவர் அறிய முடியாது. இதற்கு மாறாக, ஒன்றுபோலவே தோன்றும் செடிகள் வெவ்வேறு குணம் உடையவையாக இருக்கும். கீழாநெல்லியைப் பறிக்கச் சொன்னால், அதைப் போன்ற வேறொரு களையைப் பிடுங்கி வருபவர் இன்றும் உண்டு. இலைக்காம்பின் கீழே வரிசையாகத் தொங்கும் சிறு காய்களைக் கண்டு தெளிந்தவரே அதைச் சரியாகப் பறிப்பார். மருந்தில் பெயர் பிழைத்தால் நோயாளியின் உயிரே பிழைபட்டுவிடும்.

அந்தச் சிக்கலைத் தீர்க்கும் பொதுமொழி ஓவியமே. முக்கியமான மூலிகைகளை ஆராய்ந்து, அவற்றைக் கைவண்ண ஓவியங்களாக எழுதித் தொகுக்கச் செய்தார் சரபோஜி. இலையின் விளிம்பு எப்படி, காம்பு எப்படி, பூ எந்த நிறம், காய் எங்கே தொங்குகிறது என்பதைச் சொல்லால் விளக்கப் பத்து வரி வேண்டும். ஓவியத்தில் ஒரு பார்வை போதும். தமிழ் அறியாதவரும் மராட்டி அறியாதவரும் அந்தத் தாளின் முன் ஒரே செடியைக் கண்டார்கள்.

தஞ்சை ஓவியம் என்றதும் நினைவுக்கு வருவது பலாப்பலகையில் பொன் தகடும் மணிகளும் பதித்த வெண்ணெய்க் கண்ணன், ராமர் பட்டாபிஷேகம், பூஜையறைச் சுவரில் தலைமுறைகளாகத் தொங்கும் தெய்வத் திருவுருவங்கள். அந்த நகரத்தில்தான், சாலையோரத்தில் கால்பட்டு நசுங்கும் செடிகளுக்கும் ஓவியர்கள் தூரிகை எடுத்தார்கள். இங்கே பொன் தகடு இல்லை, மணி இல்லை. பச்சையும் மஞ்சளும் மண்ணின் பழுப்பும் மட்டுமே. ஆயினும் கண்ணனின் திருமுகத்துக்குக் கொடுக்க வேண்டிய கவனத்தை ஒரு புல்லின் வேருக்கும் கொடுத்தால்தான் அந்த ஓவியம் மருந்துக்கு உதவும். வில்வமும் துளசியும் வேம்பும் அறுகும் சந்நிதியில் அர்ச்சனைப் பொருள்; வைத்தியரின் கல்வத்தில் அவையே மருந்துப் பொருள். இலையை இறைவன் திருவடியில் வைப்பவர், அந்த இலையை ஒருமுறையேனும் உற்று நோக்கியிருக்க வேண்டாமா என்ற கேள்வியை அந்த ஓவிய மரபு இன்றும் எழுப்புகிறது.

எழுதி வைத்த கண்கள்

மூலிகை ஓவியங்களைவிட நெஞ்சை அதிகம் தொடுபவை வேறு சில. கண்ணோய் கண்டு வந்த நோயாளிகளின் விவரங்கள், அவர்களுக்குச் செய்யப்பட்ட சிகிச்சை, அதன் விளைவு ஆகியவற்றைக் குறித்துவைத்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் பாதுகாக்கப்படுகின்றன. எழுத்தோடு சேர்த்து, நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களும் அவற்றில் இடம்பெற்றுள்ளன. சரபோஜி மன்னர் தாமே கண் சிகிச்சையில் பேரார்வம் கொண்டிருந்தார் என்பதும், செல்லுமிடமெல்லாம் சிகிச்சைக் கருவிகளை உடன் எடுத்துச் சென்றார் என்பதும் தஞ்சையில் வழங்கிவரும் செய்தி.

ஓர் அரண்மனை ஓவியர் யாருடைய முகத்தை எழுதுவார்? அரசரின் முகத்தை, அரசியின் முகத்தை, தெய்வத்தின் முகத்தை. ஒளி மங்கிய ஒரு நோயாளியின் கண்ணை அருகிலிருந்து பார்த்து, அதில் வெண்மை எங்கே படர்ந்திருக்கிறது, சிவப்பு எங்கே ஓடியிருக்கிறது என்று நிறம் கலந்து எழுதுவதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. பிறர் துயரைக் கண்டு முகம் திருப்பாத மனம் வேண்டும்.

சிற்ப மரபில் ஒரு வழக்கம் உண்டு. திருமேனி முழுவதும் வடித்து முடித்த பின், இறுதியில்தான் ஸ்தபதி கண் திறப்பார். அதுவரை அது சிலை; கண் திறந்தபின் தெய்வம். பக்தன் தெய்வத்தைக் காண்பது மட்டும் தரிசனம் ஆகாது. தெய்வம் பக்தனைக் காண்பதும் தரிசனமே. இரண்டு கண்களும் சந்திக்கும் அந்த நொடிக்காகத்தான் நெடுந்தூரம் நடக்கிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள், திரை விலகும் வரை காத்திருக்கிறார்கள். அப்படியானால் மனிதக் கண்ணில் படர்ந்த திரையை விலக்குவதும் ஒருவகையில் சந்நிதித் திரையை விலக்கும் கைங்கரியமே ஆகும்.

‘அம்பாளிடம் வேண்டிக்கொண்டால் போதாதா? மருத்துவம் எதற்கு?’ என்று கேட்பவர் அன்றும் இருந்திருப்பர், இன்றும் இருக்கின்றனர். சரபோஜியின் வாழ்க்கையே அதற்கு விடை. தம் மரபில் வந்த ஓர் இளவரசிக்கு அம்பாள் கண் கொடுத்த வரலாற்றை அறிந்தவர் அவர். அந்த அம்பாளுக்கு மண்டபம் கட்டியவரும் அவரே. அவரே தன்வந்திரி மகாலையும் நடத்தினார். வேண்டுதலும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர் கருதவில்லை.

நாயன்மார் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. காளத்தி மலையில் இறைவனின் திருக்கண்ணிலிருந்து குருதி பெருகியபோது, கண்ணப்பர் உடனே தம் கண்ணை இடந்து அப்பிவிடவில்லை. இந்தத் தீங்கைச் செய்தவர் யார் என்று முதலில் தேடினார். ஒருவரையும் காணாமல், காட்டுக்குள் ஓடிப் பச்சிலைகளைப் பறித்து வந்தார். வேடர் குலம் அறிந்த அந்த மூலிகைகளைப் பிழிந்து கண்ணில் வார்த்தார். குருதி நிற்காத பின்னரே தம் கண்ணைக் கொடுத்தார். கண் கொடுத்ததைப் போற்றுகிற உலகம், அதற்கு முன் அவர் மருந்து தேடி ஓடியதை அவ்வளவாக நினைப்பதில்லை. அந்த ஓட்டமும் பக்திதான். அறிந்த மருந்து அனைத்தையும் முயன்று பார்ப்பதே அன்பின் முதல் படி.

காசிப் படித்துறை

அண்மையில் ஒரு வைகாசி மாதத்தில், முதிய தம்பதியர் தங்கள் பேத்தியை அழைத்துக்கொண்டு தஞ்சைக்கு வந்தனர். பேத்திக்குக் கோடை விடுமுறை. காலையில் புன்னைநல்லூர் அம்பாள் தரிசனம். பிறகு பெரிய கோயில். வெயில் ஏறியபின் அரண்மனை வளாகத்தில் உள்ள சரஸ்வதி மகால் அருங்காட்சியகம். சுவடிகளையும் ஓவியங்களையும் பார்த்துக்கொண்டே வந்த பேத்தி, சரபோஜி மன்னர் எழுதச் செய்த காசிப் படித்துறை ஓவியங்களின் முன் நின்றாள்.

“தாத்தா, நீங்க காசிக்குப் போயிருக்கீங்கல்ல? நீங்க குளிச்ச படித்துறை இதுல எது?”

பெரியவர் சற்றே தயங்கினார். பிறகு விரலை நீட்டி, “இதோ, இது” என்றார். அவர் விரல் நின்றது ஓவியத்தின் மேல் அல்ல. அதன் ஓரத்துச் சட்டத்தின் மேல்.

குழந்தை சிரித்தாள், தாத்தா விளையாடுகிறார் என்று நினைத்தாள். பாட்டி சிரிக்கவில்லை. வெளியே மரத்தடியில் வந்து அமர்ந்ததும், பேத்தி தண்ணீர் வாங்கச் சென்ற நேரம் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“என்னங்க, எத்தனை நாளா இப்படி?”

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ரெண்டு வருஷம் ஆகுது. இன்னிக்குக் காலையில தீபாராதனை காட்டினாங்களே, அப்ப வெளிச்சம் தெரிஞ்சுது. அம்பாள் முகம் தெரியல.”

இரண்டு ஆண்டுகளாக எத்தனை சந்நிதிகளில் அவர் கைகூப்பியிருப்பார்! எல்லா இடத்திலும் ஒரு மங்கிய ஒளியை நோக்கியே கும்பிட்டிருக்கிறார். மகனுக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று ஒரு காரணம். கண்ணில் கத்தி வைப்பார்களே என்று ஓர் அச்சம். இனி இந்த வயதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று தமக்குத்தாமே ஒரு சமாதானம். யாரோ சொன்னார்கள் என்று ஏதேதோ இலைச்சாற்றைக் கண்ணில் பிழிந்துகொண்டும் பார்த்திருக்கிறார். எரிச்சல்தான் மிஞ்சியது.

“பார்க்கறதுக்கு என்ன இருக்குன்னா கேக்கறீங்க?” என்றாள் பாட்டி. “நானும் இந்தக் குழந்தையும் இருக்கோம். அந்த அம்பாள் இருக்கா. அவ உங்களைப் பார்க்கறா. நீங்க அவளைப் பார்க்க வேண்டாமா?”

அந்தச் சொல்லுக்குப் பெரியவரிடம் மறுமொழி இல்லை.

மகனிடம் பாட்டியே பேசினாள். கண் மருத்துவமனையில் சோதித்தபோது, இரு கண்களிலும் புரை முற்றியிருப்பது தெரிந்தது. சொட்டு மருந்தாலோ பச்சிலையாலோ கரையக்கூடியதல்ல கண்புரை. அறுவை சிகிச்சை ஒன்றே அதற்கு வழி. மங்கிய இயற்கை வில்லையை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் செயற்கை வில்லையைப் பொருத்துகிறார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பிவிடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றியே செய்யப்படுகிறது. பெரியவருக்குச் சர்க்கரை சற்று மிகுந்திருந்ததால், அதைக் கட்டுப்படுத்திய பிறகு, ஆனி மாதத்தில் முதலில் ஒரு கண்ணுக்குச் சிகிச்சை நடந்தது.

பேத்தியின் ஏடு

சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் கண்ணில் நீர் படக்கூடாது, குனிந்து பாரம் தூக்கக்கூடாது, தூசியில் அலையக்கூடாது. கோயிலுக்கும் தோட்டத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த மனிதர் திண்ணையில் முடங்கினார். பள்ளிவிட்டு வந்த பேத்திக்கு அவரை அப்படிப் பார்க்கப் பொறுக்கவில்லை. கொல்லையில் கையில் கிடைத்த இலை ஒன்றைப் பறித்து வந்து அவர் கையில் வைத்தாள்.

“கண்ணை மூடிக்கிட்டே இது என்னன்னு சொல்லுங்க, பார்க்கலாம்!”

பெரியவர் இலையை விரலால் தடவினார், முகர்ந்தார். “நொச்சி. ஐந்து விரல் மாதிரி இருக்கும், பாரு. சளி பிடிச்சா எங்கம்மா இதைக் கொதிக்கற தண்ணியில போட்டு ஆவி பிடிக்கச் சொல்வாங்க.”

மறுநாள் வேறொன்று வந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. தும்பை, ஆடாதோடை, கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி, வல்லாரை, நந்தியாவட்டை. முகர்ந்தே அவர் பெயர் சொன்னார். சிலவற்றுக்குப் பெயரோடு ஒரு கதையும் வந்தது. தும்பைப் பூவைத் தொடுத்துச் சிவனுக்குச் சாத்திய தம் தந்தையைப் பற்றி, அவர் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

பேத்தி ஓர் ஏட்டை எடுத்தாள். ஒரு பக்கத்துக்கு ஓர் இலையாக வரைந்து, வண்ணம் தீட்டி, கீழே தாத்தா சொன்னதை எழுதினாள். தஞ்சையில் சரபோஜி மன்னர் செய்வித்த பணியின் கதையை அவள் அருங்காட்சியகத்தில் கேட்டிருந்தாள் போலும். ஏட்டின் முதல் பக்கத்தில் ‘தன்வந்திரி மகால்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்.

வைத்தியம் அறிந்தவரல்லர் அந்தப் பெரியவர். எந்த இலை எந்த நோயைத் தீர்க்கும் என்று அறுதியிட்டுச் சொல்லும் தகுதி தமக்கு இல்லை என்பதை அவரும் உணர்ந்தே இருந்தார். கண்ணில் எதையும் பிழியக்கூடாது என்பதைத் தம் அனுபவத்திலிருந்தே பேத்திக்குச் சொன்னார். அதையும் அவள் ஒரு பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டாள். ஆனால் செடியை அடையாளம் காணும் அறிவு வேறு. அது ஒரு தலைமுறையின் கையிலிருந்து அடுத்த தலைமுறையின் கைக்கு மாற வேண்டிய செல்வம். மாறாவிட்டால், கொல்லைப்புறத்துச் செடிகள் அனைத்தும் ‘களை’ என்ற ஒரே பெயருக்குள் மறைந்துபோகும்.

ஆவணி பிறந்தது. புன்னைநல்லூர் அம்பாளுக்கு ஆவணி ஞாயிற்றுக்கிழமைகள் விசேஷமானவை. கூட்டம் அலைமோதிய அந்த நாளில், பெரியவர் பேத்தியின் கையைப் பிடித்தபடி வரிசையில் நின்றார். தீபாராதனை நேரத்தில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் மட்டும் கைகூப்பியபடி அசையாமல் நின்றார். “நகருங்க பெரியவரே” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னபோதுதான் அவருக்கு நினைவு வந்தது.

வெளியே வந்ததும் மனைவியைப் பார்த்து, “அம்பாள் மூக்குத்தி தெரிஞ்சுது” என்றார். பிறகு சற்றே உற்றுப் பார்த்துவிட்டு, “உனக்கு ஏன் இவ்வளவு நரைச்சுப் போச்சு?” என்று கேட்டார்.

“இப்பத்தானே பார்க்கறீங்க!” என்றாள் பாட்டி. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

கொலுப்படியின் அடியில்

புரட்டாசியில் நவராத்திரி வந்தது. அந்த வீட்டில் ஆண்டுதோறும் கொலு வைப்பது வழக்கம். இந்த ஆண்டு கொலுப்படியின் அடியில், பேத்தி தன் ஏட்டின் பக்கங்களைப் பிரித்து, அட்டையில் ஒட்டி, வரிசையாக நிறுத்தியிருந்தாள். மேலே தசாவதாரமும் மரப்பாச்சியும் செட்டியார் பொம்மையும். கீழே நொச்சியும் தும்பையும் கரிசலாங்கண்ணியும்.

வெற்றிலை பாக்குக்கு வந்த பெண்மணிகள் பொம்மைகளைப் பார்த்துவிட்டு, அந்தப் படங்களின் முன் குனிந்தார்கள். “இதை எங்க ஊர்ல கையாந்தகரைன்னு சொல்வோம்” என்றார் ஒருவர். “எங்க பாட்டி இதைத் துவையல் அரைப்பாங்க” என்றார் இன்னொருவர். நடக்க முடியாமல் மருமகளின் தோளைப் பற்றி வந்த ஒரு மூதாட்டி, நந்தியாவட்டைப் படத்தின் முன் நின்று, தம் பிறந்த வீட்டுச் சிவன் கோயில் நந்தவனத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். அவர் சொல்லச் சொல்ல, பேத்தி படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தாள். ஒன்பது நாள் முடிவதற்குள் ஒவ்வொரு படத்தைச் சுற்றிலும் புதிய பெயர்கள் சேர்ந்திருந்தன.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு அந்தப் படங்களும் அம்பாளின் திருமுன் அடுக்கி வைக்கப்பட்டன. பெரியவர் சந்தனமும் குங்குமமும் இட்டு, துளசியையும் வில்வத்தையும் சாத்தினார். சாத்துவதற்கு முன், கையிலிருந்த வில்வ இலையை ஒரு கணம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று இதழ், அவற்றினூடே ஓடும் மெல்லிய நரம்புகள். அறுபது ஆண்டுகளாக அர்ச்சித்த இலை அது.

“தாத்தா, வில்வம் இன்னும் நான் வரையவே இல்லையே!” என்றாள் பேத்தி.

“விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிக்கலாம்” என்றார் அவர், “நல்ல நாள். நான் பார்த்துச் சொல்றேன்.”